செல்ஃப் எடுக்காத வண்டி: பேட்டரியா, ரிலேயா, மோட்டாரா, எதற்கு முதலில் காசு?

பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, எஞ்சின் சுற்றவில்லை. இனி எதை மாற்றுவது? மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. கேட்கும் ஆள் பெரும்பாலும் ஏற்கெனவே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வருவார். ஒருவர் பேட்டரி போச்சு என்றிருப்பார், இன்னொருவர் ஸ்டார்ட்டர் மோட்டாரில் கார்பன் (உள்ளே கரண்டைக் கடத்தும் பிரஷ்) தேய்ந்திருக்கும் என்றிருப்பார். எந்தப் பேச்சை நம்பிக் காசு போடுவது என்று முழித்துக்கொண்டிருப்பார்.

நானும் ஒருமுறை இப்படித்தான் புதுப் பேட்டரி போட்டேன். இரண்டு வாரம் ஒழுங்காக எடுத்தது. அப்புறம் அதே 'டிக்'. ரிலேயை, அதாவது பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்சை, மாற்றினேன், மூன்று நாள் தாங்கியது. கடைசியில் கோளாறு இருந்த இடம், எஞ்சினில் எர்த் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் அடி. பச்சைக் களிம்பு பூத்துப்போயிருந்தது. புதுப் பேட்டரி கொஞ்சம் தெம்பாக இருந்ததால் அந்தக் களிம்பையும் மீறி இரண்டு வாரம் கரண்டைத் தள்ளியிருக்கிறது. ரிலேயை மாற்றும்போது வயர்களை அசைத்ததில் எர்த் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் ஓடியிருக்கிறது. புதுப் பொருள் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டால் அந்தப் பொருள்தான் கெட்டிருந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பேட்டரியும் ஒரு ரிலேயும் செலவாயின.

## முதலில் காதைக் கொடுங்கள்

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. எஞ்சினே சுற்றாதது ஒன்று. நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாதது இன்னொன்று. முதலாவது பேட்டரி, ரிலே, மோட்டார் பக்கம். இரண்டாவது பிளக், காயில், சி.டி.ஐ. (பொறியை நேரம் பார்த்துத் தரும் எலெக்ட்ரானிக் பெட்டி) பக்கம், இல்லையென்றால் பெட்ரோல் பக்கம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பிளக்கை மாற்றிவிட்டு 'இன்னும் டிக் சத்தம்தான் வருகிறது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சுற்றாத வண்டியிலும் சத்தம் நிறையச் சொல்லும். வேகமாக 'டிக்டிக்டிக்டிக்' என்று அடிக்கிறதா? ரிலே இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டவுடன் வோல்ட்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, சுமை போனதும் வோல்ட்டேஜ் ஏறுகிறது, ரிலே மறுபடி இழுக்கிறது. பேட்டரி பலவீனம் அல்லது தடித்த வயரில் எங்கோ மோசமான இணைப்பு. ஒரே ஒரு கனமான 'டிக்' வந்து அமைதியானால், ரிலே வேலை செய்ய முயன்றிருக்கிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. ரிலேயின் உள்முனை, வயர், மோட்டார் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

சத்தமே இல்லை, ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது என்றால், மோட்டாரைத் தொடவே வேண்டாம். பட்டன், கில் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் என்ற மெல்லிய வயர் பாதையில் எங்கோ அறுந்திருக்கிறது. லைட்டும் எரியவில்லையா, மெயின் ஃபியூஸும் பேட்டரி டெர்மினலும் முதல் சந்தேகம். மோட்டார் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றியும் எஞ்சின் அசையவில்லை என்றால் அது கரண்ட் கோளாறே இல்லை. உள்ளே மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

## எதை வைத்து எடைபோடுவது

விலை என்ன என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் அளவுகோல், கையில் சான்று இருக்கிறதா என்பது. இந்தப் பொருள்தான் கெட்டது என்று காட்ட ஒரு அளவு, ஒரு சோதனை இருக்க வேண்டும். 'இந்த மாடலில் இது அடிக்கடி போகும்' என்பது சான்றாகாது. இரண்டாவது, தப்பாகிவிட்டால் திரும்பி வர முடியுமா என்பது. டெர்மினலைத் தேய்த்துச் சுத்தம் செய்ததில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் உறையைப் பிரித்து வண்டியில் மாட்டிப் பார்த்த எலெக்ட்ரிகல் பொருளைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆக, தப்பான ஊகத்துக்கு அதன் முழு விலையும் அபராதம்.

மூன்றாவதாக விலை, மறைந்திருக்கும் செலவோடு சேர்த்து. கழற்ற ஆகும் நேரம், கூடவே வாங்க வேண்டிய சீல், ஓ-ரிங், சார்ஜர் எல்லாம் இதில் வரும். நான்காவது, இதை அப்படியே விட்டால் அடுத்து எது கெடும் என்பது. ஐந்தாவது, நடுவழியில் நின்றால் உங்களுக்கு வேறு வழி உண்டா என்பது. கிக்கர் உள்ள வண்டிக்காரர் ஒரு வாரம் பொறுமையாகச் சோதிக்கலாம். கிக்கர் இல்லாத, ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் பம்ப்பும் கம்ப்யூட்டரும் உயிர்பெறாது, எவ்வளவு தூரம் தள்ளினாலும் கிளம்பாது.

## வழி 1: எதையும் மாற்றாமல் அளப்பது

தேவையானவை ஒரு சாதாரண மல்டிமீட்டரும், 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கோத்த டெஸ்ட் லேம்ப்பும். மீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு? ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கரண்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. பல்பு கரண்ட் கேட்கும். வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தால் மங்கிவிடும். ஆனால் கம்ப்யூட்டர், சென்சார் வயர்களில் இந்தப் பல்பை வைக்காதீர்கள்.

வண்டி ஓட்டிச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியில் மீட்டரை வையுங்கள். ஈய-அமிலப் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் மற்ற எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், எல்லா முடிவும் பொய்யாக வரும்.

அடுத்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் உயிர்நாடி. மீட்டரைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். வோல்ட்டேஜ் விழுகிறதா, விழவில்லையா?

விழவே இல்லை, 12.5 அப்படியே நிற்கிறது, எஞ்சினும் சுற்றவில்லை என்றால் கரண்ட் போகவே இல்லை என்று பொருள். பாதை எங்கோ அறுந்திருக்கிறது: ரிலேயின் முனை, மோட்டாரின் கார்பன், தடித்த வயர், எர்த். பேட்டரி மாற்றினால் ஒரு பயனும் இல்லை. மாறாக 9.6 வோல்ட்டுக்கும் கீழே 8, 6 என்று விழுந்தால் கரண்ட் போகிறது, கொடுக்கத் தெம்பில்லை. பேட்டரி கெட்டிருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். நன்றாக இருக்கும் இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை ஜம்பர் வயரில் இணைத்துப் பாருங்கள். உடனே துள்ளிச் சுற்றினால் பேட்டரிதான் குற்றவாளி. அப்போதும் முனகினால் மோட்டாரோ, இறுகிய எஞ்சினோ. காரிலிருந்து இணைப்பதானால் கார் எஞ்சின் ஓடக் கூடாது. கடைசி நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, எஞ்சினின் வெறும் உலோகத்தில் பிடியுங்கள்.

10க்கு மேல் நின்று, ஆனாலும் மெதுவாகச் சுற்றினால் வழியில் வோல்ட்டேஜ் சாப்பிடப்படுகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்துங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு மோசம். அதேபோல் பாசிட்டிவ் முனைக்கும் மோட்டாரின் தடித்த முனைக்கும் நடுவே. இதில் பட்டனை அழுத்தாதபோது மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும், பயப்படாதீர்கள், ரிலே திறந்திருப்பதால் அப்படித்தான் வரும். அழுத்தியதும் அது அரை வோல்ட்டுக்குள் இறங்க வேண்டும்.

இந்தச் சோதனைகளின்போது வண்டி கிளம்பிவிடாமல் இருக்க, பிளக் கேப்பைக் கழற்றி அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உடல் எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். எஞ்சினில் உள்ள பிளக் அப்படியே இருக்கட்டும். ஐந்து விநாடிக்கு மேல் பட்டனைப் பிடிக்க வேண்டாம்.

இந்த வழியின் மறைந்த செலவு நேரம்தான். முதல் தடவை ஒரு மதியம் முழுக்கப் போகும். எப்போதாவது மட்டும் வரும் கோளாறில் இது தோற்கவும் செய்யும். அளக்கும்போது வண்டி நல்ல பிள்ளையாக எடுத்துவிடும்.

## வழி 2: இணைப்புகளைச் சுத்தம் செய்வது

இதைத் தனி வழியாகவே எண்ணலாம், ஏனென்றால் பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடுகிறது. பேட்டரி டெர்மினல் இரண்டு, ரிலேயின் தடித்த முனை இரண்டு, மோட்டார் முனை, எஞ்சின் எர்த், ஃபியூஸ் கூடு. நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். உலோகம் மின்னும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

மழையில் ஓடும் வண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவப்படும் வண்டி, மாதக்கணக்கில் நின்ற வண்டி இவற்றுக்கு இதுதான் முதல் மருந்து. ஒரே குறை, சுத்தம் செய்ததில் வண்டி எடுத்துவிட்டால் எந்த இணைப்பு குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். எனக்கு அது ஒரு பொருட்டில்லை.

## வழி 3: பேட்டரி, சார்ஜா புதுசா

நிறுத்திவைத்ததால் இறங்கிய பேட்டரிக்குச் சார்ஜ் போதும். சார்ஜ் போட்டு ஒரு நாள் சும்மா வைத்து அளங்கள். 12.6க்கு மேல் நிற்கிறது, பட்டன் அழுத்தும்போது 9.6க்கு மேல் தாங்குகிறது என்றால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கம் நின்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது. அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

சார்ஜ் வழியின் மறைந்த செலவு சார்ஜர். மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணி எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 5 என்று எழுதியிருந்தால் அரை ஆம்பியர். காருக்கான பெரிய சார்ஜரை வைத்து அவசரப்பட்டால் சின்னப் பேட்டரி சூடாகிக் கெட்டுவிடும். வாயு வெளியேறும், காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் பொறி கூடாது.

புதுசு என்று முடிவானால் அடுத்த கேள்வி எந்த வகை என்பது. வண்டியோடு வந்த அதே வகை ஈய-அமிலம் பெரும்பாலானோருக்குப் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடையில் பாதிக்கும் குறைவு, நிறுத்திவைத்தால் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் குளிரில் சோம்பும், தனி சார்ஜர் கேட்கும், சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு வோல்ட்டேஜ் எகிறினால் ஈய-அமிலம் அளவுக்குப் பொறுத்துப்போகாது. சும்மா இருக்கும்போது அது காட்டும் வோல்ட்டேஜும் வேறு. 13.2, 13.3 காட்டுவதுதான் அதற்கு இயல்பு, 12.8 காட்டினால் அது கிட்டத்தட்டக் காலி. பழைய வண்டிக்கு நான் லித்தியம் போட மாட்டேன்.

பேட்டரி மாற்றுவதில் பெரிய சிக்கல் வேறு ஒன்று. பழையது ஏன் இறங்கியது என்று கேட்காமல் புதுசு போட்டால் புதுசும் அதே வழியில் போகும். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு அளந்தால் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வரவேண்டும். ஏறவில்லை என்றால் எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலோ ரெகுலேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. சாவியை அணைத்த பிறகும் கரண்ட் கசிகிறதா என்று பார்க்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். கடிகாரம், அலாரம் சில மில்லி ஆம்பியர் இழுப்பது சகஜம். மீட்டர் அந்த நிலையில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

## வழி 4: ரிலே

மாற்றும் பொருள்களில் மலிவானவற்றில் ஒன்று இது, அதனாலேயே ஊகத்தில் வாங்கிப் போடப்படுவதும் இதுதான். சோதனை சுலபம். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் தடித்த ஜம்பர் வயரால் ஒரு கணம் இணைத்தால், ரிலேயைத் தாண்டிக் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகும். பொறி பறக்கும், பெட்ரோல் வாடை உள்ள இடத்தில் செய்யாதீர்கள். எஞ்சின் சுற்றினால் மோட்டாரும் பேட்டரியும் நலம், ரிலேயோ அதற்கு முந்தைய ஸ்விட்ச் பாதையோதான் பிரச்சினை. அப்போதும் அசையவில்லை என்றால் ரிலே வாங்குவதை விடுங்கள்.

பலவீனமான பேட்டரியோடு 'டிக்டிக்டிக்' என்று நாள்கணக்கில் அழுத்திக்கொண்டே இருந்தால் ரிலேயின் உள்முனைகள் தீய்ந்து, சில சமயம் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஒட்டிவிட்டால் பட்டனை விட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே பேட்டரி வயரைக் கழற்ற வேண்டியதுதான். பேட்டரியைத் தள்ளிப்போட்டவர் ரிலேக்கும் சேர்த்துச் செலவு செய்வது இப்படித்தான்.

## வழி 5: மோட்டார், கழற்றிச் சரிசெய்வதா புதுசா

மனம் தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் விலை வித்தியாசம் இங்கேதான் அதிகம். கார்பன் பிரஷ் சின்னச் செலவு, முழு மோட்டார் பெரிய செலவு.

அறிகுறி முதலில். மோட்டாரின் முனைக்கு முழு வோல்ட்டேஜ் வந்தும் சுற்றவில்லை. சில நாள் எடுக்கிறது, சில நாள் இல்லை. ஸ்பேனரின் பிடியால் லேசாகத் தட்டினால் எடுத்துவிடுகிறது. இது தேய்ந்த கார்பனின் கையெழுத்து. லேசாக என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான மோட்டார்களில் உள்ளே காந்தத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கும், சுத்தியலால் அடித்தால் அவை உடையும். அதற்குப் பிறகு சரிசெய்வது பற்றிய பேச்சே இல்லை.

பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் திறந்தால் என்ன தெரிகிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம். கார்பன் சர்வீஸ் மேனுவலில் சொன்ன நீளத்துக்கும் கீழே தேய்ந்திருக்கிறது, கார்பன் உரசும் செம்பு உருளையான காமுட்டேட்டர் வெறும் கறுப்பாக இருக்கிறது என்றால் சரிசெய்வதே சரி. மெல்லிய சாண்ட்பேப்பரால் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள கோடுகளில் அடைத்திருக்கும் கரித்தூளைச் சுரண்டி, புது கார்பன் போட்டால் பல ஆண்டு ஓடும். காமுட்டேட்டரில் பள்ளம் விழுந்திருக்கிறது, அல்லது மீட்டரில் பட்டைக்கும் நடுத்தண்டுக்கும் தொடர்பு காட்டுகிறது, அல்லது காயில் கருகின வாடை அடிக்கிறது என்றால் அதற்குக் கார்பன் வாங்காதீர்கள். உள்ளே எஞ்சின் ஆயில் நனைந்திருந்தால் ஆயில் சீலையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புது கார்பனும் ஊறிக்கொண்டிருக்கும்.

சரிசெய்யும் வழியின் மறைந்த செலவுகள் கைவேலையில் இருக்கின்றன. வயரைப் பிடித்திருக்கும் நட்டைத் திருகும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால், முனை உள்ளே சுற்றி இன்சுலேட்டர் உடைந்துவிடும். இரண்டு பக்கமும் இருக்கும் மெல்லிய வாஷர்கள் எத்தனை, எந்த வரிசை என்று கழற்றும்போதே படம் எடுத்துவிடுங்கள். மோட்டாரின் உடலிலும் மூடியிலும் கோடு போட்டுவைத்தால் திரும்பப் பூட்டும்போது சண்டை இல்லை. ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். சில எஞ்சின்களில் மோட்டாரை வெளியே எடுக்கவே சைலன்சரையோ கார்புரேட்டரையோ கழற்ற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் மறுபடி ஒருமுறை கழற்றும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே புது மோட்டார் நியாயமாகிவிடும்.

புதுசில் கம்பெனிப் பொருள், நகல், பழைய வண்டியிலிருந்து கழற்றியது என மூன்று உண்டு. நகல் மோட்டாரில் பல் எண்ணிக்கையும் சுற்றும் திசையும் ஒத்துப்போகிறதா என்று பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கழற்றிய மோட்டார் மலிவு, ஆனால் அதன் கார்பனும் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கலாம். அதைத் திறந்து பார்க்க விடாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

## வழி 6: சுற்றுகிறது, பற்றவில்லை

இப்போது இரண்டாவது நோய். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் செருகி, உடலை எஞ்சினில் அழுத்தமாகத் தொடவைத்து, பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கேப்பை ரப்பர் கையுறையோடு பிடியுங்கள். நீலப் பொறி 'டப் டப்' என்று அடித்தால் கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். பிளக்கை எர்த் இல்லாமல் அந்தரத்தில் விட்டுச் சுற்றாதீர்கள். போக வழியில்லாத உயர் வோல்ட்டேஜ் காயிலையும் சி.டி.ஐ.யையும் உடைத்துக்கொண்டு போகும்.

பொறியே இல்லை என்றதும் 'சி.டி.ஐ. போச்சு' என்பது எளிய பதில். விலையில் உயர்ந்த பொருள், சாதாரண மீட்டரால் சோதிக்க முடியாத பொருள், ஆகவே யாரும் மறுக்க முடியாத குற்றச்சாட்டு. நான் அதைக் கடைசியில் வைப்பேன். கில் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச், வயர்களை இணைக்கும் கப்ளர்கள், பிளக், கேப் என்று இலவசமும் மலிவும் முதலில். கேப்பில் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பது சகஜம், மீட்டரில் எல்லையில்லாமல் காட்டினால் அது போய்விட்டது. அடுத்து பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் எச்.டி. காயிலும், பொறி அடிக்கும் நேரத்தை சி.டி.ஐ.க்குச் சொல்லும் பல்சர் காயிலும். இரண்டையும் ஓம் நிலையில் அளந்து உங்கள் மாடலின் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். வண்டிக்கு வண்டி எண் மாறும். இவையெல்லாம் சரி, சி.டி.ஐ.க்கு வரவேண்டிய வோல்ட்டேஜும் எர்த்தும் வருகின்றன, வெளியே போக வேண்டியது போகவில்லை என்றால்தான் அந்தப் பெட்டியைக் குற்றம் சொல்லலாம். அதே மாடல் வண்டியிலிருந்து கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. ஆனால் உங்கள் வண்டியின் ரெகுலேட்டர் 15, 16 வோல்ட் தள்ளிக்கொண்டிருந்தால் நண்பரின் பெட்டியையும் சேர்த்துக் கொன்றுவிடுவீர்கள். முதலில் அதை அளங்கள்.

இரண்டு தந்திரக் கோளாறுகள் உண்டு. ஒன்று, பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை பற்றாது, விட்ட அந்த நொடியில் 'டுப்' என்று ஒரு பற்று. மோட்டார் வோல்ட்டேஜை எல்லாம் இழுத்துக்கொள்வதால் இக்னிஷனுக்குப் போதவில்லை. இதற்கு மருந்து காயில் இல்லை, பேட்டரி. இன்னொன்று, குளிர்ந்த வண்டி எடுக்கும், சூடானதும் நின்று அரை மணி கழித்துத்தான் எடுக்கும். காயிலுக்குள் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து விலகுகிறது. ஆறிய காயிலை அளந்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வதில் அர்த்தமில்லை. நின்ற அந்த இடத்திலேயே அளக்க வேண்டும், அல்லது முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி அளக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்த செலவு | தப்பானால் |
|---|---|---|---|
| அளப்பது | எப்போதும் | ஒரு மதியம், மீட்டர் | இழப்பு இல்லை |
| இணைப்பு சுத்தம் | எர்த்திலோ பாசிட்டிவ் வயரிலோ வோல்ட்டேஜ் குறைவு | சிறிது நேரம் | இழப்பு இல்லை |
| பேட்டரி சார்ஜ் | நிறுத்திவைத்த வண்டி | சரியான சார்ஜர் | சில நாளில் மறுபடி நிற்கும் |
| புதுப் பேட்டரி | வேறு பேட்டரியில் துள்ளிச் சுற்றுகிறது | சார்ஜிங் கோளாறு இருந்தால் புதுசும் போகும் | முழு விலை |
| ரிலே | ஜம்பர் வைத்தால் சுற்றுகிறது | ஸ்விட்ச் பாதையையும் பார்க்க வேண்டும் | சிறிய இழப்பு |
| மோட்டார் கார்பன் | தட்டினால் எடுக்கிறது | சீல், ஓ-ரிங், உடையும் முனை | உழைப்பு வீண் |
| புது மோட்டார் | காயில் கருகல், காந்தம் உடைவு | நகல் பொருந்தாமை | பெரிய இழப்பு |
| சி.டி.ஐ. | மற்றதெல்லாம் அளந்து முடித்த பிறகு | ரெகுலேட்டர் கோளாறு புதுசையும் கொல்லும் | பெரிய இழப்பு |

## எலெக்ட்ரீஷியனிடம் விடுவது

இது தோல்வி ஒன்றும் இல்லை. ஃபியூஸ் போட்டவுடன் மறுபடி மறுபடி எரிகிறது என்றால் வயரிங்கில் எங்கோ ஷார்ட். அதைத் தேடுவது பொறுமையும் வயரிங் படமும் கேட்கும் வேலை. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தால் அடுத்து எரியப்போவது வயர். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் குறியீடு படிக்கும் கருவி உள்ளவரிடம் போவதே நேரமும் காசும் மிச்சம். ஒன்வே கிளட்ச் கோளாறும் அப்படித்தான், எஞ்சின் பக்கமூடியைத் திறக்கத் தெரிந்தவர் வேண்டும்.

விடும்போது 'செல்ஃப் எடுக்கல, பாத்துடுங்க' என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 'சும்மா இருக்கும்போது 12.6, அழுத்தினால் 12.4லேயே நிற்கிறது, ரிலேயை ஜம்பர் செய்தும் சுற்றவில்லை' என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைப் படித்தவர் உங்களிடம் பேட்டரி விற்க முயல மாட்டார். கழற்றிய பழைய பொருளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், கார்பன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். வண்டியை எடுக்கும் முன், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அவர் கண்முன்னே ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.